மீட்டருக்குப் பதிமூன்று

வீரவநல்லூரில் பூட்டிக் கிடந்த வீடு.
மீட்டர் பெட்டிக்குக் கீழே
கண் திறக்காத குட்டி ஒன்று.
யூனிட் குறிக்கப் போனவள்
பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.
அட்டையில் 'கதவு பூட்டு' என்று எழுதினேன்.
பெயருக்கு ரொம்ப யோசிக்கவில்லை.

ஊர் நாயெல்லாம் குரைப்பது
கரண்டாபீஸ்காரியைப் பார்த்துத்தான்.
இரண்டு மாதத்துக்கு ஒருதரம் போனால்
எந்த நாய்க்கும் முகம் பதிவதில்லை.
கரண்டைக்காலில் இரண்டு தழும்பு, கையில் ஊசி,
அப்படியும் வீட்டில் ஒன்று.
"ஒனக்கு வேற சோலி இல்லையாளா" என்றார் அற்புதசிங்.

இப்போது எழுபத்தெட்டு ரீடிங் ஆகிறது.

முதலில் தெரிந்தது மடையில்.
கன்னடியன் கால்வாய்க்குக் கிளை அது.
ஒரே தாவில் அக்கரை போய் நின்று
என்னைத் திரும்பிப் பார்க்கிறவன்
ஒரு கார்த்திகைக் காலையில்
விளிம்பிலேயே நின்றுவிட்டான்.
தண்ணீரை மோந்தான்,
தாகத்துக்கு வந்தவன்போல் ஒரு வாய் நக்கினான்.
நானும் தாகம் என்றே நம்பிக்கொண்டேன்.

பிறகு கண்ணில் நீலம்,
கஞ்சியில் ஆடை படிந்த மாதிரி.
ராமையன்பட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.
சுத்தமல்லி விலக்கு வரைக்கும் ஆட்டோவில் முனகல்,
அதற்கப்புறம் என் மடியில் ஈரம்.
டாக்டர் ஷமீமா டார்ச் அடித்துப் பார்த்தார்.
"புரை இல்ல. லென்ஸ் இறுகியிருக்கு.
வெளிச்சம் தெரியும், ஓரளவு ஆளும் தெரியும்."
விலாவில் இருந்த உருண்டையை ஊசியால் குத்திப் பார்த்து
"கொழுப்புதான்" என்றார்.
நான் விட்ட மூச்சு அறை முழுக்கக் கேட்டது.

ஒன்றுக்கு ஏழு என்று பெருக்கிச் சொன்னேன்.
"அந்தக் கணக்கு சரிவராதும்மா.
முத வருசத்துலயே வாலிபம் வந்துரும்.
பெரிய ஒடம்பு சீக்கிரம் தளரும், சின்னது பைய."
சிலாப் மாதிரி என்று எனக்குப் புரிந்தது.
முதல் நூறு யூனிட் சும்மா.
ஐநூறு தாண்டினால்
அதே யூனிட்டுக்கு விலையே வேற.

டைல்ஸைப் பற்றி யாரும் சொல்லவில்லை.
போன தையில் ஆசையாகப் போட்ட தரை
அவன் காலுக்கு எண்ணெய்.
பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு திசையில் போகும்.
கூடம் முழுக்க இப்போது சணல் சாக்கு.
யூரியா சாக்கு வழுக்குகிறது, அதையும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து நடக்கிறான்.
சாக்கில்லாத இடத்தில் மட்டும் நகச்சத்தம்.
சத்தம் நின்றால்தான் எழுந்து போவேன்:
பீரோ மூலையில் முகம் வைத்து நிற்பான்,
சுவர் நகரட்டும் என்று.
காலையில் கதவு திறக்கிற பக்கம் மறந்துபோய்க்
கீல் பக்கம் காத்திருப்பான்.
இடிச்சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒளிகிறவன்
இந்த ஐப்பசியில் இடி இடிக்க இடிக்கத் தூங்கினான்.
சவத்துப் பயலே,
நல்லதுக்குத்தான் செவிடானாய்.

அற்புதசிங் சோற்றைக் குழைய விட்டு,
சாளை முள்ளை விளக்கடியில் பிடித்து எடுத்து,
பல் இருக்கிற பக்கமாய்ப் பார்த்து ஊட்டுகிறார்.
வேற சோலி இல்லையா என்று நான் கேட்கவில்லை.

மூக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.
சாயங்காலம் வந்து பையை இறக்கியதும்
சேலைக் கரையில் தொடங்குவான்.
ரைஸ்மில் தெருக் கறுப்பன்,
பேங்க் மாடியில் சங்கிலி போட்ட அல்சேஷன்,
போஸ்டாபீஸ் பக்கம் குட்டி போட்ட செவலை,
இன்னும் எனக்கே ஞாபகம் இல்லாத வாசல்கள்.
ஒவ்வொன்றிலும் நிற்கிறான்.
வயசாளி ரசீது படிக்கிற நிதானம்.
குடை மடக்காமல் நான் நிற்பேன்.
என் அன்றைய வேலையை
இப்படிச் சரிபார்த்தவர் ஆபீசில் யாருமில்லை.
முடித்ததும் ஒரு தும்மல்.
அப்படியே என் செருப்பின்மேல் படுத்துக்கொள்வான்.

அடுத்த ரீடிங் மார்கழியில்.
தரை குளிரும்,
சாக்கு இன்னும் இரண்டு வாங்கவேண்டும்.